கிறிஸ்துமஸ் முதல் பொங்கல் வரை: கையால் செய்து கொடுக்கச் சில பரிசுகள்

டிசம்பர் பாதியைத் தாண்டினால் பரிசு கொடுக்க வேண்டிய நாட்கள் வரிசை கட்டி வந்துவிடும். 25ஆம் தேதி கிறிஸ்துமஸ். அடுத்த வாரம் புத்தாண்டு. அதிலிருந்து இரண்டு வாரத்தில் பொங்கல். போதாக்குறைக்கு, சீட்டுக் குலுக்கிப் பெயர் எடுத்து ஒருவருக்கொருவர் பரிசு கொடுக்கும் வழக்கம் அலுவலகங்களிலும் நுழைந்துவிட்டது. கடைக்குப் போனால் காபிக் கோப்பை, சாவிக்கொத்து, புகைப்படச் சட்டம் என்று போன வருடம் நமக்கு வந்தவையே அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். இந்த வருடம் வீட்டிலேயே ஏதாவது செய்து கொடுக்கலாம் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சமையலிலோ தையலிலோ பெரிய பழக்கம் வேண்டியதில்லை.

புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஆளுக்கு ஒரு பரிசு என்று பட்டியல் போட்டுத்தான் தொடங்குவார்கள். அத்தைக்குப் பை, அண்ணனுக்கு மெழுகுவர்த்தி, மேலதிகாரிக்குக் கேக், பக்கத்து வீட்டுக்கு வேறொன்று. பட்டியல் அழகாகத்தான் இருக்கும். ஆனால் பத்துப் பொருளையும் முதல்முறையாகச் செய்வீர்கள், பத்தும் முதல்முறைக்கு உரிய லட்சணத்தோடுதான் வரும். ஒரே பொருளைப் பத்துப் பேருக்குச் செய்யுங்கள். முதல் இரண்டு மூன்று கோணலாக வரும். அவற்றை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு கை பழகிவிடும். பொருள் வாங்குவதும் மலிவாக முடியும், அடுப்படியும் ஒரே ஒரு முறைதான் அலங்கோலமாகும்.

இன்னொன்று, ஈரம். மேல்நாட்டுக் குறிப்புகளைப் பார்த்துச் செய்கிறவர்கள் இடறுவது இங்கேதான். அங்கே டிசம்பரில் வீட்டுக்குள் காற்று வறண்டு கிடக்கும். நமக்கு அது வடகிழக்குப் பருவமழையின் கடைசிக் கட்டம். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் முறுக்கைத் திறந்து வைத்தால் அன்று மாலையே நமுத்துப் போகும். கீழே சொல்லும் ஒவ்வொன்றிலும் ஆறவிடுவது, உலர்த்துவது என்று வருகிற இடங்களில் அவசரப்படாதீர்கள்.

நாள் கணக்கை 24ஆம் தேதியிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். துணி, தாள், மூங்கில் வேலைகள் கெட்டுப்போகாதவை. டிசம்பர் முதல் வாரத்திலேயே முடித்துவிடலாம். பொடியும் இஞ்சி மரப்பாவும் 18ஆம் தேதிவாக்கில். எண்ணெயில் பொரிப்பதைக் கடைசியாக, 21, 22 தேதிகளில் வைத்துக்கொள்ளுங்கள். 23ஆம் தேதி கட்டுவதற்கும் பெயர் எழுதுவதற்கும். 24ஆம் தேதி அடுப்பைப் பற்றவைக்கும் நிலை வந்தால் ஏதாவது ஒன்றைக் கைவிடுவதே நல்லது.

அச்சு முறுக்கு

நாகர்கோவில், திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் கிறிஸ்துமஸ் பலகாரத் தட்டில் கேக் இல்லாமல் இருக்கலாம், அச்சு முறுக்கு இல்லாமல் இருக்காது. பார்க்கப் பெரிய வித்தை மாதிரி தெரியும். உண்மையில் அச்சின் சூடும் மாவின் பதமும் பிடிபட்டால் போதும்.

தேவையானவை: பச்சரிசி மாவு 2 கப், மைதா அரை கப், பொடித்த சர்க்கரை முக்கால் கப், முட்டை 1, கெட்டியான தேங்காய்ப்பால் ஏறக்குறைய ஒன்றரைக் கப், கறுப்பு எள் ஒரு மேசைக்கரண்டி, ஏலக்காய்ப் பொடி சிறிது, உப்பு ஒரு சிட்டிகை, பொரிக்க எண்ணெய். அச்சின் அளவைப் பொறுத்து 40 முதல் 50 வரை வரும்.

1. புது இரும்பு அச்சு என்றால் முதலில் அதைப் பழக்க வேண்டும். கழுவி, அரிசி களைந்த நீரிலோ வடித்த கஞ்சியிலோ ஓர் இரவு போட்டு வையுங்கள். மறுநாள் கழுவித் துடைத்து, எண்ணெய் தடவி, பொரிப்பதற்கு முந்தைய இரவு முழுக்க எண்ணெயில் ஊறட்டும். இதைச் செய்யாமல் மாவு ஒட்டுகிறது என்று அச்சு விற்ற கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை.

2. முட்டையையும் சர்க்கரையையும் அடித்து, தேங்காய்ப்பாலில் பாதியை ஊற்றிக் கலக்குங்கள். மாவு இரண்டையும் சலித்துச் சேர்த்துக் கட்டியில்லாமல் கரைக்க வேண்டும். மீதிப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுத் தோசை மாவைவிடச் சற்று நீர்க்கக் கொண்டுவாருங்கள். எள், ஏலக்காய், உப்பு கடைசியில். அரை மணி நேரம் மூடி வையுங்கள்.

3. அகலத்தைவிட ஆழம் உள்ள வாணலியாக எடுங்கள். அச்சு முழுகும் அளவுக்கு எண்ணெய் வேண்டும். மிதமான தீயில் காயவைத்து, அச்சையும் அதிலேயே ஐந்து நிமிடம் வைத்திருங்கள்.

4. அச்சை எடுத்து எண்ணெயை உதறி, மாவில் முக்கால் உயரம் மட்டும் முக்குங்கள். இதுதான் முழு வேலையின் சூட்சுமம். விளிம்புக்கு மேலே மாவு ஏறிவிட்டால் அது அச்சைக் கவ்விக்கொள்ளும்; கத்தியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

5. மாவு படிந்த அச்சை எண்ணெயில் இறக்கிச் சில விநாடிகள் அசையாமல் பிடியுங்கள். பிறகு மெல்ல ஆட்டினால் முறுக்கு தானாகக் கழன்று விழும். கழலவில்லையென்றால் ஒரு குச்சியால் ஓரத்தை லேசாகத் தள்ளிவிடுங்கள். திருப்பிப் போட்டு, பொன்னிறம் வரும்போதே எடுத்துவிட வேண்டும். வெளியே வந்தபிறகும் நிறம் கொஞ்சம் ஏறும்.

6. அடுத்ததற்கு முன் அச்சை மறுபடியும் எண்ணெயில் வைத்துச் சூடேற்றுங்கள். மாவையும் ஒவ்வொரு முறையும் கிளறிவிடுங்கள். அரிசி மாவும் எள்ளும் அடியில் தங்கிக்கொண்டே இருக்கும்.

மாவில் முக்கியபோது சுர் என்று ஒரு சிறு சத்தம் கேட்டு மாவு பிடித்தால் சூடு சரி. சத்தமே இல்லாமல் மாவு வழிந்தால் அச்சு ஆறிவிட்டது. மிகையாகக் காய்ந்த அச்சிலும் மாவு பிடிக்காது. முக்கியதும் பொங்கிக் கழன்றுவிடும். முறுக்கு வெளியே சிவந்து நடுவில் மெத்தென்று இருந்தால் மாவு கெட்டி, இரண்டு கரண்டி தேங்காய்ப்பால் விடுங்கள். போட்டவுடன் கறுக்கிறது என்றால் சர்க்கரை கூடிவிட்டது. ஒரு கைப்பிடி அரிசி மாவும் அதற்கேற்ற பாலும் சேர்த்தால் சரியாகும்.

முட்டை சாப்பிடாத வீடுகளுக்குக் கொடுப்பதாக இருந்தால் முட்டையை விட்டுவிட்டு மைதாவை முக்கால் கப்பாக்குங்கள். கொஞ்சம் கடினமாக வரும், மோசமில்லை. ஒரே வாணலியில் இரண்டு வகையும் பொரிக்க வேண்டியிருந்தால் முட்டையில்லாததை முதலில் பொரித்து முடியுங்கள். இதில் அலட்சியம் கூடாது. நம் மேல் நம்பிக்கை வைத்துத்தான் அவர்கள் சாப்பிடுகிறார்கள்.

பொரித்ததை ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிக்காமல் நிறுத்தி வைத்து முற்றிலும் ஆறவிட்டபிறகே டப்பாவில் போட வேண்டும். வெதுவெதுப்போடு மூடினால் உள்ளே நீர் கோத்து எல்லாம் நமுத்துவிடும். காற்றுப் புகாமல் வைத்தால் பத்து நாளுக்குக் குறையாமல் மொறுமொறுப்பாக இருக்கும். வேலை முடிந்ததும் அச்சைச் சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள். துடைத்து, எண்ணெய் பூசி, தாளில் சுற்றி வைத்தால் அடுத்த வருடம் பழக்கும் வேலை மிச்சம்.

இஞ்சி மரப்பா

பொரிக்கப் பயப்படுகிறவர்களுக்கு இது. மார்கழிக் குளிருக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் பொருத்தமானது, ஒரு மாதம் கெடாது, தபாலில் அனுப்பினால் உடையாது. நார் குறைந்த இளசான இஞ்சியாகப் பார்த்து வாங்குங்கள்.

தோல் சீவிய இஞ்சி 100 கிராமைப் பொடியாக நறுக்கி, இரண்டு மூன்று கரண்டி தண்ணீர் மட்டும் விட்டு மைய அரைக்கவும். அடிகனமான வாணலியில் அந்த விழுதோடு 300 கிராம் சர்க்கரையைப் போட்டு மிதமான தீயில் கிளறுங்கள். முதலில் இளகித் தண்ணீராகும். பிறகு கெட்டியாகி, ஓரங்களில் வெள்ளையாக நுரைத்து, வாணலியில் ஒட்டாமல் சுருண்டு வரும். இரண்டு கரண்டி நெய்யும் ஏலக்காயும் சேர்க்க வேண்டிய நேரம் அதுதான். ஒரு சொட்டைத் தட்டில் விட்டு, ஆறியதும் உருட்டிப் பாருங்கள். விரலில் ஒட்டாமல் உருண்டால் இறக்கிவிட்டு, மேலும் ஒரு நிமிடம் கிளறி, நெய் தடவிய தட்டில் கொட்டிப் பரப்புங்கள். சூடு இருக்கும்போதே கத்தியால் கோடு போட்டுவிட வேண்டும். ஆறியபிறகு வெட்டினால் நொறுங்கும்.

இறுகவில்லையா, திரும்ப வாணலியில் போட்டுச் சில நிமிடம் கிளறுங்கள். கல்லாகிப் பொடிந்துவிட்டதா, கால் கப் தண்ணீர் விட்டு இளக்கி மறுபடி பதம் பாருங்கள். இவ்வளவு மன்னிக்கும் இனிப்பு வேறு கிடையாது. வெல்லத்திலும் செய்யலாம், சுவை அதில்தான் கூடுதல். ஆனால் வெல்லத்துக்கு வெல்லம் பதம் மாறும். முதல்முறைக்குச் சர்க்கரையே நம்பகமானது. துண்டுகளைத் தனித்தனியாக பட்டர் தாளில் மிட்டாய்போல முறுக்கிக் கட்டிக் கொடுங்கள்.

பருப்புப் பொடி

இனிப்பு கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கும் பெரியவர்களுக்கும், விடுதியிலோ தனியாகவோ தங்கி வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கும் இதைவிட நல்ல பரிசு எனக்குத் தெரிந்து இல்லை. பண்டிகை முடிந்து எல்லா வீட்டிலும் பலகாரம் திகட்டிப்போன பிறகு இந்த பாட்டிலைத்தான் தேடுவார்கள்.

துவரம்பருப்பு 1 கப், காய்ந்த மிளகாய் 6 முதல் 8, மிளகு ஒரு தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, பெருங்காயம், உப்பு. பருப்பை எண்ணெய் விடாமல் சிறு தீயில் உள்வரை சிவக்க வறுக்க வேண்டும். வெளியே மட்டும் சிவந்தால் பச்சை வாடை போகாது. மிளகாயையும் மற்றவற்றையும் தனியாக வறுங்கள். இறக்குவதற்கு முன் கால் கப் பொட்டுக்கடலையைப் போட்டு ஒரு பிரட்டு. எல்லாம் ஆறியபிறகு கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்து, தாளில் பரப்பி இன்னொரு முறை ஆறவிடுங்கள், மிக்ஸியே பொடியைச் சூடாக்கிவிடும். பூண்டும் கொப்பரையும் மணமாகத்தான் இருக்கும், ஆனால் பரிசாகக் கொடுப்பதில் சேர்க்க வேண்டாம். அவை சேர்ந்தால் ஆயுள் குறையும். பாட்டிலை முந்தின நாளே கழுவி வெயிலில் காயவையுங்கள். வெயில் இல்லாவிட்டால் துடைத்து, வறுத்த அடுப்பின் பக்கத்திலேயே மூடியைத் திறந்து கவிழ்த்து வைத்தால் போதும்.

கேக்கைப் பற்றி ஒரு வார்த்தை. வழக்கமாகக் கேக் சுடுகிறவர்கள் சுட்டுக் கொடுங்கள். இதுவரை சுட்டதே இல்லை என்றால் பிறருக்குக் கொடுக்க வேண்டிய நாளில் தொடங்காதீர்கள். பழங்களை வாரக்கணக்கில் ஊறவைப்பது, அடுப்பின் சூட்டைப் புரிந்துகொள்வது என்று அது தனிப் படிப்பு.

மூங்கில் நட்சத்திரம்

டிசம்பரில் வீட்டு வாசலில் தொங்கும் நட்சத்திரம் இப்போது பெரும்பாலும் மடித்து விரிக்கும் அட்டையாகக் கடையில் கிடைக்கிறது. மூங்கில் சிம்பில் கட்டி வண்ணத்தாள் ஒட்டுவதுதான் பழைய முறை. குழந்தைகள் உள்ள வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் இதற்கு இருக்கும் வரவேற்பு எந்தப் பலகாரத்துக்கும் இருக்காது. ஒரு மதிய நேரம் பிடிக்கும்.

60 செ.மீ. நீளத்தில், வளைத்தால் வளையக்கூடிய மெல்லிய சிம்புகள் 10, 10 செ.மீ. நீளத்தில் உறுதியான துண்டுகள் 5, நூல், பட்டத்தாள், பசை. இவ்வளவுதான் சாமான். மூங்கிலின் ஓரங்கள் கையைக் கிழிக்கும், முதலில் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.

ஒவ்வொரு நீளச் சிம்பிலும் இரு முனையிலிருந்தும் 23 செ.மீ. அளந்து இரண்டு குறிகள் போடுங்கள். பேனாவை எடுக்காமல் ஒரே கோட்டில் நட்சத்திரம் வரைவோமே, அதே போல ஐந்து சிம்புகளை அடுக்கி, முனைகளை நூலால் கட்டுங்கள். சிம்புகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் ஐந்து இடங்களும் நீங்கள் போட்ட குறிகளின் மேல் வந்தால் நட்சத்திரம் கோணாமல் இருக்கிறது என்று அர்த்தம். அந்த இடங்களையும் கட்டுங்கள். மீதி ஐந்தில் இதேபோல் இன்னொன்று. இப்போது இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளை மட்டும் சேர்த்துக் கட்டுங்கள். உள்ளே இருக்கும் ஐந்து சந்திப்புகளிலும் 10 செ.மீ. துண்டுகளை இரண்டுக்கும் நடுவே முட்டுக்கொடுத்துக் கட்டினால் தட்டையாகக் கிடந்தது உப்பிக்கொண்டு எழும்.

தாளை ஒரே விரிப்பாக ஒட்ட முயலாதீர்கள். சட்டம் வளைந்திருப்பதால் சுருக்கம் விழும். முனைக்கு நான்கு முக்கோணமாக மொத்தம் 20 முக்கோணங்கள், முன்னும் பின்னும் நடுவில் இரண்டு ஐங்கோணங்கள். சட்டத்தைத் தாளின் மேல் சாய்த்து வைத்து, பென்சிலால் கோடு போட்டு, சுற்றிலும் ஒரு விரல்கடை விட்டு வெட்டி, அந்த மடிப்பில் பசை தடவி ஒட்டுங்கள். பின்பக்க ஐங்கோணத்தை மட்டும் ஒட்டாமல் விட்டால் பல்பு மாட்ட வழி கிடைக்கும். எல்.இ.டி. பல்பு மட்டும்தான், சூடாகும் பழைய குண்டு பல்பைத் தாளுக்குள் தொங்கவிடக் கூடாது. மைதாப் பசையில் பூச்சி வராதிருக்க மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், பரிசுப் பொருளுக்கு வேண்டாம். தேவைக்கு மட்டும் காய்ச்சி அன்றே பயன்படுத்திவிடுங்கள். மழைச் சாரல் படாத திண்ணையில் மாட்டச் சொல்லிக் கொடுங்கள்.

ஊசி நூல் எடுப்பவர்களுக்கு

ஊசியே பிடித்ததில்லை என்றால் வெட்டிவேர்ப் பொட்டலத்தில் தொடங்குங்கள். கிழிந்த பருத்திப் புடவையில் நல்ல பகுதியாகப் பார்த்து உள்ளங்கை அளவுப் பை தைத்து, உள்பக்கத்தை வெளியே திருப்பினால் தையலின் கோணல் யாருக்கும் தெரியாது. நாட்டு மருந்துக் கடையில் வெட்டிவேர் வாங்கி, மண் போக அலசி, நன்றாகக் காயவைத்து, சிறிதாக நறுக்கி நிரப்புங்கள். கூடவே நாலைந்து கிராம்பு, உலர்ந்த மரிக்கொழுந்து இருந்தால் அதுவும். வாயைத் தைத்துவிட வேண்டியதுதான். பட்டுப்புடவை பீரோவில் வைத்துக்கொள்ளலாம். மணம் மங்கினால் லேசாகத் தண்ணீர் தெளித்து வெயிலில் காயவைத்தால் மீண்டும் எழும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சேர்த்துக் கொடுங்கள்.

அடுத்த படி, பெயரெழுத்துப் போட்ட கைக்குட்டை. வெள்ளைப் பருத்திக் கைக்குட்டையின் மூலையில் 3 செ.மீ. உயரத்துக்குப் பென்சிலால் எழுத்தை எழுதி, வளையத்தில் இழுத்துக் கட்டி, ஆறு இழை நூலில் இரண்டு இழை மட்டும் பிரித்துச் சங்கிலித் தையல் போடுங்கள். தமிழ் எழுத்துகளில் வளைவு அதிகம். வளைவு வரும் இடத்தில் தையலைச் சிறிதாக்கினால் வடிவம் கெடாது. ட, ப என்று தொடங்கும் பெயர்க்காரர்கள் கிடைத்தால் அதிர்ஷ்டம். இ, ஐ என்றால் பொறுமை. சிவப்பு, நீல நூல்களை முதலில் நனைத்து வெள்ளைத் துணியில் ஒற்றிப் பாருங்கள், சாயம் போகிறதென்றால் அந்த நூல் வேண்டாம். இதில் ருசி கண்டவர்கள் ஓரத்துக்குக் குரோஷா பின்னலும் பழகலாம். நாகர்கோவிலில் 1820களில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னல் கற்றுக்கொடுக்கத் தொடங்கியதிலிருந்து குமரிப் பக்கத்தில் இந்தக் கைவேலைக்கு நீண்ட வரலாறு உண்டு. அங்கே வயதானவர்களைக் கேட்டால் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்கும்.

கட்டுவதும் அனுப்புவதும்

பளபளக்கும் பிளாஸ்டிக் தாள் வேண்டாம். பலகாரத்துக்கு ஓலைப்பெட்டி இருக்கும்போது வேறெதற்கு? மணப்பாடு, ராமநாதபுரம் பக்கம் பனையோலையிலும், செட்டிநாட்டில் கொட்டான் என்ற பெயரிலும் விதவிதமாக முடைகிறார்கள். ஓலை ஈரத்தைத் தடுக்காது, ஆகவே உள்ளே நன்றாகக் கட்டிய உறை ஒன்று அவசியம். எவர்சில்வர் சம்படத்தில் கொடுத்தால் இன்னும் பாதுகாப்பு, ஆனால் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரும் பழக்கம் நம்மிடம் இல்லை. பதிலுக்கு அதில் என்ன வரும் என்பதற்குத் தயாராக இருந்துகொள்ளுங்கள்.

ஒவ்வொன்றிலும் சிறு சீட்டு ஒட்டுங்கள்: என்ன பொருள், செய்த தேதி, எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும், உள்ளே என்னென்ன இருக்கின்றன. முட்டை, பால், எள், முந்திரி, நிலக்கடலை எதைச் சேர்த்திருந்தாலும் கட்டாயம் குறிப்பிட வேண்டும். சிலருக்கு அது விரதம், சிலருக்கு ஒவ்வாமை.

உள்ளூர்த் தபாலுக்கு மரப்பாவும் பொடியும் ஏற்றவை. கண்ணாடி பாட்டிலைத் தவிர்த்து, தடித்த உறையில் இரட்டையாகக் கட்டுங்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் தபால் நிலையத்தில் கூட்டம் அலைமோதும், ஆகவே 15ஆம் தேதிக்குள் போட்டுவிடுவது நல்லது. இப்படி அனுப்புவதை மட்டும் மாதத் தொடக்கத்திலேயே செய்துகொள்ளுங்கள். அச்சு முறுக்கை அஞ்சலில் அனுப்பாதீர்கள், போய்ச் சேரும்போது மாவாகத்தான் இருக்கும். வெளிநாட்டு உறவினர்களுக்கு அனுப்பும் முன் அந்த நாட்டின் சுங்க விதியைப் பாருங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் உணவு, விதை, வேர், மூங்கில் எதுவானாலும் கடுமையாகச் சோதிப்பார்கள், பிடித்தும் வைப்பார்கள். சிட்னியில் இருக்கும் சித்திக்குக் கைக்குட்டைதான்.